சாவி அக்காவின் வலது கை

மருத்துவமனையின் தரைத்தளத்து மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் அவரை எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவரிடம் சாவி எதுவும் கிடையாது. முன்பு, கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பூட்டிவைக்கும் இரும்பு அலமாரியின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். நடந்து வரும்போதே சத்தம் கேட்கும். டாக்டர்களே அந்தச் சத்தத்தை வைத்து, "அக்கா சாப்பிட்டுட்டு வந்துட்டாங்க போல" என்பார்கள். பிறகு அலமாரிக்கு மின்பூட்டு வந்தது. சாவி போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

மின்பூட்டு திறக்க வேண்டுமானால் கம்ப்யூட்டரில் ரகசிய எண்ணைக் கொடுக்க வேண்டும். கீபோர்டில் தட்டினால் திருடுவது சுலபம் என்று, திரையிலேயே எண்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். மவுஸை நகர்த்தி அம்புக்குறியை ஒவ்வொரு கட்டத்துக்கும் கொண்டுபோய் அழுத்த வேண்டும். அப்படி ஓர் எண் சாவி அக்காவுக்கும், எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் தலைமை மருந்தாளருக்கும் மட்டுமே உண்டு. இருவருக்கும் வேறு வேறு எண். தன் எண்ணைச் சாவி அக்கா புருஷனுக்குக்கூடச் சொன்னதில்லை. "சொன்னா மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கப் போகுதா" என்று சொல்லிப் புருஷனும் அதைக் கேட்டதில்லை.

பாட்டில் கழுவுகிற வேலைக்கு வந்தவர் அவர். பிறகு பொட்டலம் கட்டும் அறை, சாயங்கால வகுப்பில் ஒரு படிப்பு, கடைசியில் உதவி மருந்தாளர். அலமாரியை நம்பி அவரிடம் கொடுத்ததற்குக் காரணம் படிப்பு அல்ல. ஏதாவது குறைந்தால் "யாராவது எடுத்திருப்பாங்க" என்ற வார்த்தை அவர் வாயில் வராது. கிடைக்கும்வரை தேடுவார், மற்றவர்களையும் வீட்டுக்குப் போகவிட மாட்டார். அதற்காக அவரைத் திட்டியவர்களும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்றும் இல்லை. ஏதாவது எடுக்கப் போனால், ஊற்றப் போனால், கையெழுத்துப் போடப் போனால் உடனே ஆட்டம்தான். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. குடியே தெரியாத மனிதரைத் தெருவே குடிகாரர் என்று சொன்னது. கடைசிக் காலத்தில் அவர் ஆட்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த மகள், தன் கை ஆடத் தொடங்கியதும் முதலில் செய்த காரியம் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கியது.

கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் மருந்து அளக்கும் வேலை வந்தால், "எனக்குக் கோடு சரியாத் தெரியல, நீயே ஊத்திடு" என்று பக்கத்து மேசைக்குத் தள்ள ஒரு காரணம் வேண்டுமே. கண்ணாடி அந்தக் காரணம். பொய் நன்றாக எடுபட்டது. அளவுக்கு மீறியே எடுபட்டது. வார்டுகளிலிருந்து வரும் சீட்டுகளில் அவருக்காகப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்கள். யாருக்கும் சுலபத்தில் எதையும் வாங்கித் தராத தலைமை மருந்தாளர், சொந்த முயற்சியில் ஆள் பிடித்து அவர் மேசைக்கு மேலே வெளிச்சமான விளக்கு ஒன்றை மாட்டிவைத்தார். அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் சாவி அக்காவுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மவுஸை மட்டும் வேறு யாரிடமும் தள்ள முடியாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்புக்குறி ஆடி ஆடி ஓயும்வரை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் காத்திருந்து அழுத்துவார். கொஞ்சம் நேரமாகும், ஆனால் திறந்துவிடும்.

வீட்டில் விஷயம் தெரிந்தவர் புருஷன் ஒருவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"உன் கையும் எங்க மூணாம் நம்பர் லிஃப்ட்டும் ஒண்ணும்மா. போக வேண்டிய இடத்துக்குக் கரெக்டாப் போயிடும். என்ன, ஒரு ஆட்டம் போட்டுட்டுதான் நிக்கும்."

"அந்த லிஃப்ட்டத்தானே போன மாசம் கழட்டிப் போட்டீங்க?"

புருஷன் பேச்சை மாற்றினார். "டாக்டர்கிட்டயே வேலை பாக்குற, ஒரு டாக்டர்கிட்டக் காட்ட மாட்டேங்குற" என்றார்.

"அங்க ஒருத்தர்கிட்டக் காட்டினா, நான் படியிறங்கி வர்றதுக்குள்ள மேடம் காதுக்குப் போயிடும். அலமாரியை வாங்கிட்டு என்னைத் திரும்பப் பொட்டலம் கட்ட அனுப்பிடுவாங்க."

"பொட்டலம் கட்டுறதும் வேலைதானே?"

"வேலைதான். நான் அங்கிருந்து எழுந்து வந்தவ. திரும்பப் போய் உக்காரறதுக்கா வந்தேன்?"

புருஷன் எழுந்து டீ போடப் போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாம் மாடியில் திருட்டு நடந்தது. அங்கேயும் இதே மாதிரி ஓர் அலமாரி உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மாடி அண்ணன் என்பார்கள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் எண்ணைக் கொடுத்து யாரோ அலமாரியைத் திறந்து மருந்தை எடுத்துவிட்டார்கள். எண்ணை யாருக்குச் சொன்னாய் என்று அவரைத்தான் கேட்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை என்றார். வீட்டுக்கு அனுப்பினார்கள். நேற்றுவரை அவரோடு டீ குடித்தவர்கள், "அவரைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்று ஆரம்பித்து, "யாரைத்தான் நம்புறது" என்று முடித்தார்கள்.

பிறகு கம்ப்யூட்டர்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, மருந்து வாசனை பட்டாலே தும்முவார். அவர்தான் மாடிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன புரோகிராம் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மவுஸ் எங்கே போகிறது, எங்கே அழுத்துகிறது என்று அது சத்தமில்லாமல் குறித்து வெளியே யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. மாடி அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆள் இளைத்து வந்தார். யாரோடும் பேசுவதில்லை. வீட்டிலிருந்தே டீ கொண்டுவந்து தனியாகக் குடித்தார்.

அடுத்து, எல்லா அலமாரிக் கம்ப்யூட்டர்களுக்கும் காவல் போடச் சொல்லி உத்தரவு. சாவி அக்காவின் மேசைக்கு வந்த கம்ப்யூட்டர்காரர், தும்மி முடித்துவிட்டு விளக்கினார்.

"ஒட்டுக்கேக்குறவன் இருக்கானே, அவன் எந்த ஓட்டை வழியாவாவது வந்துடுவான் அக்கா. அதனால அவன் காதுல பொய்யா ஊத்துறோம். நீங்க மவுஸை ஒரு தடவை நகர்த்தினா, என் புரோகிராம் நடுநடுவே ஏகப்பட்ட பொய் அசைவைச் சேர்த்து அனுப்பும். திருடுறவனுக்கு எல்லாம் கலந்துதான் கிடைக்கும். தலை எது வால் எதுன்னு புரியாது. நம்ம பக்கம் மட்டும் பொய்யைக் கழிச்சுட்டு நிஜத்தை எடுத்துக்கும்."

"எது பொய்னு அதுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"பொய் அசைவெல்லாம் அங்கயும் இங்கயுமாத் துடிச்சுக்கிட்டே இருக்கும். மனுஷன் கை அப்படியா போகும்? நேராப் போகும், நிக்கும், அழுத்தும்."

சாவி அக்கா வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அலமாரி திறக்கவில்லை. எண்ணைச் சரியாகத்தான் அழுத்தினார். 'செல்லாது' என்று வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை. செல்லாது. ஜன்னலுக்கு வெளியே அறுவை சிகிச்சை வார்டு நர்ஸ் சீட்டோடு நின்றிருந்தார்.

"அக்கா, சீக்கிரம். மயக்கம் தெளிஞ்சு அந்தம்மா கத்துற கத்தல்ல வார்டே எழுந்து உக்காந்திருக்கு."

தலைமை மருந்தாளர் வேறு கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் செல்லாது. அவசரப்பட்டால் கை இன்னும் கூடுதலாக ஆடும். இப்போது சன்னதம் வந்த மாதிரி ஆடியது.

"என்கிட்ட நம்பரைச் சொல்லுங்க, நான் போட்டுடறேன்" என்றார் நர்ஸ்.

மாடி அண்ணனின் இளைத்த முகம் சாவி அக்காவின் கண்முன் வந்து நின்றது. "நம்பரைச் சொல்ல மாட்டேன். உள்ள வாங்க சிஸ்டர்."

நர்ஸ் உள்ளே வந்தார்.

"என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் பிடித்தார். பிடித்த பிறகு புரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்திப் பிடித்தார். இரண்டு கையின் பாரத்தோடு மவுஸ் மெதுவாக, நேராக நகர்ந்தது. அலமாரி கிளிக் என்று திறந்தது.

"எத்தனை நாளா அக்கா?"

"முதல்ல மருந்தைக் கொண்டுபோங்க."

அன்றிலிருந்து அது ஒரு ஏற்பாடாகிவிட்டது. அலமாரி அடம்பிடித்தால் சாவி அக்கா வார்டுக்குப் போன் போடுவார், "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்பார். நர்ஸ் ஓடி வருவார். "என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சதில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சாவி அக்கா சிரிப்பார். சிரித்தால் கை ஆடும். "பேசாம இருங்க சிஸ்டர், தள்ளிடப் போகுது" என்பார். நர்ஸ் வார்டை விட்டுவிட்டு எங்கே ஓடுகிறார் என்று மேலே முணுமுணுப்பு எழுந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் தலைமை மருந்தாளரும் கம்ப்யூட்டர்காரரும் சேர்ந்தே வந்தார்கள். தலைமை மருந்தாளர் கதவைச் சாத்திவிட்டு உட்காராமல் நின்றார்.

"அக்கா, உங்க நம்பரை ரெண்டு பேர் போடுறாங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர். குரலில் சங்கடம். "ஒண்ணு ஒரே துடிப்பா இருக்கு. அதை மனுஷக் கைன்னே என் புரோகிராம் எடுத்துக்கல, தள்ளிடுது. கொஞ்ச நேரத்துல இன்னொரு கை வருது. கனமா, நேரா. அது வேற ஆள்."

"யாருக்குச் சொன்னீங்க?" என்றார் தலைமை மருந்தாளர்.

மாடி அண்ணனிடம் கேட்ட அதே கேள்வி. அவரிடமாவது சொல்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்தது. சாவி அக்காவிடம் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அவர் திருடி. நர்ஸ் வந்ததை மட்டும் சொன்னால் அந்தப் பெண்ணும் கூட்டுக் களவாணி ஆவார். நர்ஸுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதைச் செய்தால் அலமாரி போய்விடும்.

"யாருக்கும் சொல்லல மேடம். இங்க பாருங்க."

வலது கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தார். முழங்கையை ஊன்றவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. திரையில் அம்புக்குறி, கையில் பிடித்த மீன் மாதிரித் துள்ளியது.

கம்ப்யூட்டர்காரர் குனிந்து திரையைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். "அப்போ அது பொய்னு தள்ளினது..."

"என்னையத்தான்."

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தலைமை மருந்தாளர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அந்த இன்னொரு கை?"

"வார்டு சிஸ்டர். என் மணிக்கட்டைத்தான் பிடிச்சாங்க. முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. நான்தான் கூப்பிட்டேன், அவங்க மேல தப்பில்ல."

"கண்ணுன்னுல்ல சொன்னீங்க?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மேடம்."

"நான் விளக்கெல்லாம் மாட்டிக் கொடுத்தேனே!" என்றார் தலைமை மருந்தாளர். கோபத்தில் பாதி அந்த விளக்கைப் பற்றியதுதான் போலத் தோன்றியது. அதை வாங்க எத்தனை பேரிடம் நடந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். பிறகு குரல் மாறியது. "மருந்து அளந்தீங்களா?"

"இல்ல. ஆட ஆரம்பிச்சதிலிருந்து ஒரு சொட்டுகூட நான் அளக்கல. பக்கத்து மேசையில கேளுங்க."

கேட்டார். கூப்பிட்டு வைத்தே கேட்டார். உண்மைதான் என்று தெரிந்த பிறகும் அவர் இறங்கி வரவில்லை. டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வரும்வரை அலமாரியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இனி எப்போதும் சாவி அக்கா மருந்து அளக்கக் கூடாது என்றார். நர்ஸையும் வரவழைத்து, "நல்லது செய்யறோம்னு நினைச்சா முதல்ல என்கிட்ட வந்து சொல்லணும்" என்று ஒரு மூச்சு திட்டினார். நர்ஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் சாவி அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அலமாரி போச்சுங்க" என்றார்.

புருஷன் லிஃப்ட் கதை எதையும் எடுக்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம். நீங்க வந்தா அங்கேயும் லிஃப்ட்டைப் பத்திப் பேசுவீங்க."

"பேசல. வாயைத் திறக்கல, போதுமா?"

சாவி அக்கா செருப்பை ஓரமாகத் தள்ளினார். "நீங்க பேசாம உக்காந்திருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கும். வாங்க. எதையாவது பேசுங்க."

நரம்பு டாக்டர் கையை நீட்டச் சொன்னார், வட்டம் வரையச் சொன்னார், நடக்கச் சொன்னார். வட்டம் ரம்பப் பல் மாதிரி வந்தது. "வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார்.

"எங்க அப்பாவுக்கு இருந்தது. குடிக்கிறார்னு சொன்னாங்க."

"குடிச்சாரா?"

"இல்ல."

"இது வழிவழியா வர்றது. நீங்க பயந்தது வேற ஏதாவதுன்னா, அது இல்ல" என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். ஆட்டம் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது என்று ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்து நடைவழி நாற்காலியில் சாவி அக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தனக்கு வேறு நோய் இல்லை என்ற நிம்மதியைவிட, இரண்டு வார்த்தையில் முடிகிற ஒரு பதில் அப்பாவுக்குக் கிடைக்காமலே போயிற்றே என்பதுதான் அப்போது அவர் நினைப்பில் நின்றது. புருஷன் பக்கத்தில் நின்று, அந்தக் கட்டடத்து லிஃப்ட்டின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டரின் சீட்டைத் தலைமை மருந்தாளர் இரண்டு முறை படித்தார். ஆனால் சீட்டு இருந்தால் மட்டும் அலமாரி திறக்காதே. காவல் புரோகிராம் அந்தக் கையை மனுஷக் கை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காவலை எடுத்துவிடவும் முடியாது. கம்ப்யூட்டர்காரர்தான் வழி சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்கத் தனக்கு வேண்டும் என்றார்.

"நான் போடுற பொய் அசைவு வேற, உங்க கை ஆடுறது வேறதான் அக்கா. பிரிச்சுப் பாக்க என் புரோகிராமுக்குத் தெரியல, அவ்வளவுதான். உங்க ஆட்டத்தைப் பக்கத்துல இருந்து பாத்துக் கத்துக்கட்டும். நீங்க சும்மா மவுஸை இப்படியும் அப்படியும் ஓட்டுங்க."

சாவி அக்கா ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர்காரர், "அக்கா, அடக்காதீங்க" என்றார்.

"நான் எங்க அடக்கறேன்?"

"மூச்சு விடவே இல்லையே நீங்க."

உண்மைதான். முழங்கையும் தானாகவே மேசையில் ஊன்றியிருந்தது. அதை எடுத்தார். திரும்பப் போய் ஊன்றிக்கொண்டது. மறுபடி எடுத்தார். ஜன்னலில் சீட்டோடு வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என்னக்கா, கேம் விளையாடுறீங்களா?" என்றார். இன்னொருவர் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றார். ஒவ்வொரு தலை தெரியும்போதும் கை மடிக்குப் போகப் பார்த்தது. கம்ப்யூட்டர்காரர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "விடுங்க, விடுங்க, ஆடட்டும்" என்று கன்றுக்குட்டியை ஓட்டுகிறவர் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்துக்கு மேல் சாவி அக்காவுக்கு அலுத்துவிட்டது. ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட்டார். தோள்பட்டை தொய்ந்தது. இரண்டு வருஷமாக அது எப்படி வலித்துக்கொண்டிருந்தது என்பது, வலி நின்றபோதுதான் தெரிந்தது.

"நாளைக்கும் இதே மாதிரி ஆட்டுவீங்களா?" என்று கேட்டார் கம்ப்யூட்டர்காரர்.

"அது என் கையிலயா இருக்கு தம்பி?"

அவர் சிரித்துத் தும்மினார். "ஒண்ணு தெரியுமா, இனிமே திருடன் வந்தா உங்ககிட்டதான் திண்டாடுவான். இந்த ஆட்டத்தை அவனால காப்பியடிக்கவே முடியாது."

"அதுக்காக இதை யாரும் வரம்னு சொல்லிடப் போறதில்ல. நீங்க வேலையைப் பாருங்க."

மறுநாள் தலைமை மருந்தாளர் பின்னால் வந்து நின்றுகொண்டார். எண் தெரியக் கூடாது என்று திரையைப் பார்க்காமல் அலமாரியையே பார்த்தார். ஜன்னலில் குழந்தைகள் வார்டிலிருந்து ஒருவர் காத்திருந்தார். சாவி அக்கா மவுஸை நகர்த்தினார். கை ஆடியது. அம்புக்குறியும் ஆடிக்கொண்டே போய்க் கட்டங்களைத் தேடித் தேடி அழுத்தியது.

செல்லாது.

கம்ப்யூட்டர்காரர் வந்து ஏதோ ஒன்றைத் தட்டி, "ஒண்ணு ரெண்டு தடவை இப்படித் தள்ளும். இன்னொரு தடவை" என்றார். சாவி அக்காவின் முழங்கை மேசையைத் தேடியது. அவர் அதை இறக்கவில்லை. மறுபடி முதல் எண்ணிலிருந்து தொடங்கினார்.

அலமாரி திறந்தது.

"சரி, எடுங்க" என்றார் தலைமை மருந்தாளர். "அளக்கறது மட்டும் பக்கத்து மேசைதான். அதுல மாத்தமில்ல."

"தெரியும் மேடம்."

சாவி அக்கா எழுந்து போய்ச் சீட்டில் எழுதியிருந்த மாத்திரைக் குப்பியை வலது கையில் எடுத்தார். ஜன்னல்வரை நாலு பேர் பார்க்கக் கொண்டுபோனார். வழியெல்லாம் குப்பிக்குள் மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போட்டன. இடது கை சும்மாதான் இருந்தது. அதைக் கொண்டுவந்து அவர் அந்தச் சத்தத்தைப் பொத்தவில்லை.